பவளத் தொட்டி: எங்கே கையைச் சுருக்கலாம், எங்கே கூடாது

நன்னீர் மீன்களைச் சில வருடம் வளர்த்துவிட்டு, இப்போது 200 லிட்டரில் ஒரு பவளத் தொட்டி, அதாவது பவளங்களும் கடல்மீன்களும் வாழும் உப்புநீர்த் தொட்டி, வைக்க நினைக்கிறீர்கள். சாதனங்களுக்கு எவ்வளவு ஆகும், மாதாமாதம் எவ்வளவு கரையும், முதலில் மலிவாக வாங்கிப் போட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாமா, ஒரு வாரம் வெளியூர் போனால் என்ன செய்வது என்று நான்கையும் ஒன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். நான்கையும் சேர்த்துப் பார்த்தால் கேள்வி ஒன்றுதான்: எதில் கையைச் சுருக்கினால் பணம் மிச்சமாகும், எதில் சுருக்கினால் உயிர்கள் போகும்? விலை இடத்துக்கு இடம் மாறும். அதனால் தொகை சொல்லாமல் வாட், லிட்டர், கிராம் என்று அளவாகச் சொல்கிறேன். உங்களுக்குக் கிடைக்கும் விலையால் பெருக்கினால் கணக்கு வந்துவிடும்.

சாதனங்களை விலைப்படி வரிசைப்படுத்தாதீர்கள். ‘இது நள்ளிரவில் பழுதானால் விடிவதற்குள் எது சாகும்’ என்று ஒவ்வொன்றையும் கேட்டுப் பாருங்கள். பட்டியலில் அதிக விலை விளக்குக்குத்தான் இருக்கும். ஆனால் விளக்கு எரியாமல் போனால் இரண்டு மூன்று நாளுக்குப் பவளங்களுக்கு ஒன்றும் ஆகாது. அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் நின்றால் ஒரு வாரம் சமாளிக்கலாம். நீரோட்டம் நின்றால் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் குறையத் தொடங்கும். ஹீட்டர் அணையாமல் மாட்டிக்கொண்டால் காலையில் வெந்த தொட்டிதான் மிஞ்சும். ஆவியாகும் நீரை ஈடுகட்டும் தானியங்கி நிரப்பி நிற்காமல் ஓடினாலும் ஏறக்குறைய அதே கதி. ஆக, விலையில் கடைசியில் நிற்கும் இரண்டு மூன்று பொருட்கள்தான் ஆபத்தில் முதலில் நிற்கின்றன. புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெரும்பணம் விளக்குக்குப் போய்விடும், மீதி இருப்பதில் ஏதோ ஒரு ஹீட்டர் வந்து சேரும்.

ஹீட்டரிலிருந்தே தொடங்குகிறேன். உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட் ஒரு நாளில் எத்தனையோ முறை இணைந்து பிரிகிறது. தொடுமுனைகள் தேய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் அணையவே அணையாது. இது எந்த விலை ஹீட்டருக்கும் நேரும். 200 லிட்டருக்கு 200 வாட் ஒன்று வாங்குவதைவிட 100 வாட்டில் இரண்டு வாங்குங்கள். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் அளவு பலம் அதற்கு இருக்காது. ஒன்று செத்தாலும் மற்றது ஓரளவு தாங்கும். இரண்டையும் தனியான வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி வழியாக இணையுங்கள். கருவியில் 25.5 டிகிரி செல்சியஸ், ஹீட்டரின் சொந்தத் திருகில் 26.5 என்று வைத்தால், இரண்டும் ஒரே நேரத்தில் பழுதானால்தான் விபத்து. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஹீட்டரை மாற்றிவிடுவது மலிவான காப்பீடு. தண்ணீர் மாற்றும்போது முதலில் ஹீட்டரை அணையுங்கள். வெளியே தெரியும் சூடான கண்ணாடிமேல் தண்ணீர் பட்டால் விரிசல் விழும்.

தானியங்கி நிரப்பியில் பாதுகாப்பைத் தருவது சென்சாரைவிட வாளியின் அளவுதான். 200 லிட்டரில் உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு இருக்கும்போது 20 லிட்டர் நன்னீர் முழுவதும் உள்ளே போய்விட்டால் அது 32க்குக் கொஞ்சம் கீழே இறங்கும். மோசம்தான், ஆனாலும் பெரும்பாலானவை பிழைக்கும். ஆர்ஓ குழாயையே நேராகச் சம்பில், அதாவது கீழே வைக்கும் துணைத் தொட்டியில், இணைத்தவருக்கு அப்படி ஓர் எல்லையே இல்லை, வீடும் நனையும். எனவே நான்கைந்து நாள் ஆவியாதலுக்குப் போதுமான வாளி, அதில் ஒரு சிறு பம்ப், நீர்மட்டம் பார்க்கும் சென்சார், அது தவறினால் நிறுத்த ஒரு மிதவை சுவிட்ச். இவ்வளவு போதும்.

சம்பு வைத்தால் உப்புப் போடும் முன்பே, வெறும் தண்ணீரில் ஒரு சோதனை செய்துவிடுங்கள். பம்பை நிறுத்துங்கள். மேல்தொட்டியில் இருந்து தண்ணீர் கீழே வடிந்து நிற்கட்டும். சம்பு வழியவில்லை என்றால் அந்த மட்டத்தில் கோடு போடுங்கள், பம்ப் நின்றிருக்கும்போது தண்ணீர் அதைத் தாண்டும் அளவுக்கு ஒருபோதும் நிரப்பாதீர்கள். சம்பிலிருந்து தண்ணீரை மேலேற்றும் ரிட்டர்ன் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு வெகு கீழே இருந்தால் மின்சாரம் போனதும் அதுவே உறிஞ்சுகுழலாகி மேலே இருப்பதைக் கீழே இறக்கிவிடும். வாயை மட்டத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள். உறிஞ்சலை முறிக்கத் துளை போடுவதும் வழக்கம்தான், ஆனால் அதில் பாசி அடைக்கும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். வடிகாலிலும் இரண்டாவது குழாய் ஒன்று இருக்கட்டும். ஒரு நத்தை போதும், ஒற்றைக் குழாயை அடைக்க. மின்கம்பிகள் பிளக்குக்குக் கீழே வளைந்து தொங்கி மேலேறுமாறு விடுங்கள், வழியும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். கசிவு மின்சாரத்தைக் கண்டதும் துண்டிக்கும் சுவிட்ச் இல்லாமல் உப்புநீர்த் தொட்டி வைக்கவே கூடாது.

மலிவாக வாங்கி மாற்றலாமா என்ற கேள்விக்கு விளக்குதான் சரியான எடுத்துக்காட்டு. விளக்கை முடிவு செய்யும் முன் பவளத்தை முடிவு செய்யுங்கள். காளான் பவளம், தோல் பவளம், சொவாந்தஸ் போன்ற மென்பவளங்களுக்கும் பாலிப் என்னும் சிற்றுயிர்கள் பெரிதாக உள்ள கல்பவளங்களில் பலவற்றுக்கும், ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியைக் காட்டும் பார் அளவில் 75 முதல் 150 வரை போதும். அக்ரோபோரா போன்ற சிறு பாலிப் கல்பவளங்களுக்கு 200க்கு மேல், பெரும்பாலும் 250 முதல் 350 வரை வேண்டும். முதல் வகையோடு நிற்கப் போகிறீர்கள் என்றால் சுமாரான எல்இடி ஒன்று பல வருடம் உழைக்கும். அக்ரோபோராதான் கனவு என்றால் சுமாரானதை வாங்குவது அந்தப் பணத்தை அப்படியே இழப்பதுதான். பார் மீட்டரைச் சொந்தமாக வாங்க வேண்டாம். இரவல் வாங்கி ஒரு நாள் அளந்து, எந்த உயரத்தில் எத்தனை சதவீதம் என்று குறித்துக்கொள்ளுங்கள். புது விளக்கைப் பாதி வெளிச்சத்தில் தொடங்கி மூன்று நான்கு வாரத்தில் ஏற்றுங்கள். வெளுத்துப் போகும் பவளங்களில் பல, வெளிச்சம் போதாமல் அல்ல, திடீரென்று அதிகமானதால் வெளுக்கின்றன.

பிறகு சேர்க்கக்கூடியவை: கரைசல்களை அளந்து ஊற்றும் டோசிங் பம்ப், கால்சியம் கரைத்துத் தரும் ரியாக்டர், கிருமி கொல்லும் யூவி விளக்கு, கணினிக் கட்டுப்பாடு. பிறகு மாற்ற முடியாதவை: துளையிட்ட தொட்டி, வடிகால், அதைத் தாங்கும் மேசை. 200 லிட்டர் கடல்நீரின் எடையே 205 கிலோ. பாறை, மணல், கண்ணாடி, சம்பு, மேசை எல்லாம் சேர்ந்தால் 300 கிலோவைத் தாண்டும். உயிரோடு இருக்கும் தொட்டிக்கு அடியில் மேசையை மாற்ற முடியாது. அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

அடுத்தது தண்ணீர். குழாய்த் தண்ணீரில் இருக்கும் பாஸ்பேட், சிலிக்கேட், செம்பு எதுவும் ஆவியாவதில்லை. தினமும் நிரப்பும்போது அவை சேர்ந்துகொண்டே போகும். எனவே ஆர்ஓவுடன், எஞ்சிய உப்புகளைப் பிடிக்கும் டிஐ பிசின் நிலையும் உள்ள கருவி தேவை, வெளிவரும் தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்த பொருட்களின் அளவு, பூஜ்யம் காட்ட வேண்டும். குடிநீர் ஆர்ஓ போதாது, அதில் அந்தக் கடைசி நிலை இல்லை. இந்தக் கருவியின் செலவு உங்கள் மூலநீரைப் பொறுத்தது. ஆர்ஓவின் சவ்வான மெம்பிரேன் 98 சதவீதம் தடுத்தால் 500 டிடிஎஸ் தண்ணீர் 10 ஆகப் பிசினுக்கு வரும், 250 என்றால் 5 ஆக வரும். பிசினின் ஆயுள் ஏறக்குறைய இருமடங்காகிவிடும். குழாய் அழுத்தம் குறைவாக இருந்தால் தடுக்கும் திறனும் குறையும், அப்போது பூஸ்டர் பம்புக்குப் போடும் பணம் பிசினில் திரும்பி வரும். முன்வடிகட்டியையும் கரி வடிகட்டியையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கரி தளர்ந்தால் குளோரின் மெம்பிரேனை அரித்துவிடும்.

அளவைப் பாருங்கள். வாரம் 20 லிட்டர் மாற்றினால் வருடத்துக்கு 1,040 லிட்டர். ஆவியாவது நாளுக்கு 3 லிட்டர் என்று வைத்தால் இன்னொரு 1,095. இரண்டும் சேர்ந்து 2,100 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒரு பங்கு நல்ல தண்ணீருக்கு மூன்று பங்கு கழிவு போகும் என்றால் ஆறாயிரம் லிட்டருக்கு மேல் வெளியேறும். அதைத் தரை கழுவப் பிடித்து வையுங்கள். உப்பு லிட்டருக்கு ஏறக்குறைய 38 கிராம். வாரத்துக்கு 760 கிராம், வருடத்துக்கு 40 கிலோ. இந்த 40 கிலோ நிலையான செலவு, இதிலிருந்து தப்ப முடியாது.

மின்சாரம்: 120 வாட் விளக்கு 10 மணி நேரம் எரிந்தால் 1.2 யூனிட். 30 வாட் ரிட்டர்ன் பம்ப் நாள் முழுக்க 0.72. பத்து வாட் அலைபம்புகள் இரண்டும் 0.48. ஸ்கிம்மர் 12 வாட் என்றால் 0.29. மொத்தம் நாளுக்கு 2.7 யூனிட், மாதத்துக்கு 80. இதற்குமேல் குளிரூட்டவோ சூடாக்கவோ ஆகும் செலவு. வெப்பமான அறையில் 250 வாட் சில்லர் நாளுக்கு 8 மணி நேரம் ஓடினாலே இன்னொரு 2 யூனிட் சேர்ந்துவிடும். அதனால் சில்லர் வாங்கும் முன் விசிறியைக் கணக்குப் போடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 0.67 யூனிட் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மூழ்கி ஓடும் பம்புகள் எல்லாம் சேர்ந்து தண்ணீரில் கொட்டும் வெப்பம் 1.5 யூனிட். கூடுதலாக இரண்டேகால் லிட்டர் ஆவியானால் அது அப்படியே கழிந்துவிடும். நீர்ப்பரப்பை நோக்கி வீசும் இரண்டு சிறு விசிறிகள் 2 முதல் 3 டிகிரி வரை இறக்கும், அதற்கு விலை கூடுதலான நிரப்புநீர் மட்டுமே. காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும் நாட்களில் இந்தக் கணக்கு பலிக்காது, மூடிய அலமாரிக்குள்ளும் பலிக்காது. அறை வெப்பம் நாள்கணக்கில் 32ஐத் தாண்டி ஈரமும் சேர்ந்தால் சில்லர் தவிர்க்க முடியாதது. அப்போதும் அதன் வெப்பக்காற்று அதே அறைக்குள் சுற்றாமல் வெளியேறும்படி வையுங்கள்.

தொட்டி நன்றாக வளர வளரப் பராமரிப்பும் கூடும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கல்பவளம் எலும்புக்கூடு கட்டத் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுக்கிறது. முதல் ஆறு மாதம் ஒன்றும் தெரியாது. ஒரு வருடம் கழித்துப் பவளங்கள் பெருத்ததும் ஆல்கலினிட்டி, அதாவது தண்ணீரில் உள்ள கார்பனேட் இருப்பு, நாளுக்கு 0.5 டிகேஎச் (அதை அளக்கும் அலகு) வரை இறங்கத் தொடங்கும், அக்ரோபோரா நிறைந்த தொட்டியில் ஒன்றுக்கு மேலும் இறங்கும். வாராந்தரத் தண்ணீர் மாற்றமே இதை ஈடுகட்டும் என்று பலர் நம்புகிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. தொட்டியில் 8, புதுத் தண்ணீரில் 10 என்றால் பத்தில் ஒரு பங்கு மாற்றும்போது ஏறுவது 0.2 மட்டுமே. நாளுக்கு 0.5 குறையும் இடத்தில் அது அரைநாளுக்கும் காணாது. மென்பவளம் மட்டும் வைத்திருப்பவருக்கு அது போதும், மற்றவர்கள் தினமும் ஊற்றித்தான் ஆக வேண்டும்.

ஊற்றும் பொருளோ விலை குறைந்தது. 200 லிட்டரில் 1 டிகேஎச் ஏற்ற 6 கிராம் சோடியம் பைகார்பனேட் போதும். நாளுக்கு 0.5 குறைந்தால் 3 கிராம், வருடத்துக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுமேல். அதற்கு இணையாக இறங்கும் கால்சியம் நாளுக்கு 3.6 பிபிஎம் (பத்து லட்சத்தில் பங்கு), அதை ஈடுகட்ட டைஹைட்ரேட் வடிவக் கால்சியம் குளோரைடு 2.6 கிராம். இரண்டையும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் ஊற்றினால் சுண்ணாம்பாக இறுகி, பம்புமேலேயே படியும். நீரோட்டமுள்ள வேறுவேறு இடங்களில், இடைவெளி விட்டு ஊற்றுங்கள். ஒரு நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற்றாதீர்கள். நிரப்புநீருக்குப் பதிலாகச் சுண்ணாம்புத் தெளிநீரைச் சொட்டவிடுவது இன்னும் எளிய வழி, கால்சியமும் ஆல்கலினிட்டியும் சரியான விகிதத்தில் சேரும். ஆனால் அதன் பிஎச் 12க்கு மேல். மொத்தமாக உள்ளே போனால் அழிவுதான், கையிலும் கண்ணிலும் படக் கூடாது. உண்மையான செலவு டோசிங் பம்பும், காலாவதியாகும் டெஸ்ட் கிட்டுகளும்தான். எல்லா கிட்டும் வேண்டாம். ஆல்கலினிட்டி, கால்சியம், மக்னீசியம், நைட்ரேட், பாஸ்பேட் போதும். அதிலும் வாராவாரம் தவறாமல் பார்க்க வேண்டியது ஆல்கலினிட்டி ஒன்றுதான். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் அல்ல, 35 பங்கு உப்புள்ள கரைசலில் சரிபாருங்கள். பூஜ்யத்தில் சரியாகக் காட்டுவது 35இல் தவறலாம்.

இதுவரை சொன்னது ஐயத்துக்கு இடமில்லாதது. இனி வருவதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆல்கலினிட்டி 7இல் இருக்க வேண்டுமா 10இலா என்பதற்கு இரு பக்கமும் செழிப்பான தொட்டிகள் இருக்கின்றன; எண்ணைவிட அது ஆடாமல் நிற்பதுதான் முக்கியம் என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்றுபடுகிறார்கள். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகக் குறைந்த தொட்டியில் ஆல்கலினிட்டி உயர்ந்தால் பவளத்தின் நுனி கருகுவதைப் பலர் கண்டிருக்கிறார்கள், காரணம் முடிவாகவில்லை. ஸ்கிம்மர் கட்டாயமா? சிறு தொட்டிகள் தண்ணீர் மாற்றத்திலேயே ஓடுகின்றன. 200 லிட்டரில் மீன் நான்கைந்து இருந்தால் ஸ்கிம்மர் வேண்டும் என்பது என் தீர்ப்பு, அழுக்கை எடுப்பதற்காக மட்டுமல்ல, இரவெல்லாம் காற்றேற்றுவதற்காகவும். நுண்தனிமச் சொட்டுகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள்; வாரம் பத்து சதவீதம் மாற்றுபவருக்கு உப்பிலேயே அவை வருகின்றன. அளக்க முடியாததை ஊற்ற வேண்டாம். அம்மோனியாவைச் சிதைக்க விற்கும் பாட்டில் பாக்டீரியாவில் சில நிஜமாகவே வேலை செய்கின்றன, ஆனால் லேபிளை நம்பாமல் சோதித்துப் பாருங்கள்: 2 பிபிஎம் அம்மோனியா ஊற்றி, 24 மணி நேரத்தில் அதுவும் நைட்ரைட்டும் மறைந்தால் தொட்டி தயார். பாக்டீரியா ஊற்றாவிட்டால் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

உலர்பாறையில் தொடங்கினால் முதல் சில மாதம் பழுப்பும் பச்சையுமாகப் பாசி வந்து போகும். இந்தக் கட்டத்தில்தான் பலர் பாஸ்பேட் உறிஞ்சி, ரசாயனம் என்று வாங்கிக் குவிக்கிறார்கள். பாஸ்பேட்டையும் நைட்ரேட்டையும் பூஜ்யமாக்கினால் டைனோஃப்ளாஜெல்லேட் என்னும் இழைபோன்ற சளிக்கு இடம் கிடைக்கும், அது பாசியைவிடப் பல மடங்கு தொல்லை. பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம், நைட்ரேட் 2 முதல் 10 வரை இருக்கட்டும். நத்தைகளை விட்டு, கையால் பிடுங்கி, பொறுத்திருங்கள். உயிர்களில் மிச்சம் பிடிக்க நினைத்தால் கடலில் வெட்டிய பெரிய பவளத்தை விட்டு, தொட்டியில் வளர்த்த சிறு துண்டுகளை வாங்குங்கள். விலையும் குறைவு, தொட்டி வாழ்க்கைக்குப் பழகியவை. கல்பவளங்கள் முழுவதும், அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால் எங்கிருந்து வந்தது என்று கேட்பது வாங்குபவரின் கடமையும் ஆகும்.

பட்டியலில் விட்டுப்போகும் ஒரு பொருள், புது மீன்களையும் நோயுற்றவற்றையும் பிரித்து வைக்கும் தனிமைத் தொட்டி. நாற்பது லிட்டர், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஹீட்டர், மறைந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டு போதும். கடல்மீன்களின் வெண்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து பிரதான தொட்டியில் போட முடியாது, முதுகெலும்பற்றவை அனைத்தும் சாகும். நோய் உள்ளே நுழைந்துவிட்டால் எல்லா மீனையும் பிடித்து வெளியேற்றி, தொட்டியை 76 நாள் மீனில்லாமல் வைப்பதுதான் வழக்கமான தீர்வு. அதற்கு முன்னால் நாற்பது லிட்டரின் விலை ஒன்றுமே இல்லை.

பராமரிப்புக்கு வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். தண்ணீரில் உப்பைப் போட்டு இரவு முழுக்கச் சுழலவிட்டு, வெப்பமும் உப்பும் சமமானபின் மாற்றுங்கள். ஸ்கிம்மரின் கழுத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்தால் நுரை ஏறாது. அதைத் துடைப்பது ஐந்து நிமிட வேலை. நுரை திடீரென்று குறைந்தால் பெரும்பாலும் காற்றுக் குழாயின் வாயில் உப்பு அடைத்திருக்கும், வெந்நீர் விட்டால் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா பம்பையும் கழற்றி, வினிகரோ சிட்ரிக் அமிலமோ கலந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். அப்போது காந்தத்தின் உறையைப் பாருங்கள். விரிசலும் துருவும் தெரிந்தால் உடனே தூக்கி எறியுங்கள், அந்தத் துரு காரணம் தெரியாமல் பவளங்களைக் கொல்லும். சொவாந்தஸ், பாலிதோவா வகைகளைத் தொடும்போது கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். அவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. அவை ஒட்டிய பாறையைச் சுத்தம் செய்வதற்காக வெந்நீரில் கொதிக்கவைக்கவே கூடாது. ஆவியைச் சுவாசித்தவர்கள் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள்.

ஒரு வாரம் வெளியூர் போவதாக இருந்தால், போவதற்கு முந்தைய வாரம் எதையும் புதிதாகச் சேர்க்காதீர்கள். புது மீன், புது சாதனம், புது அளவு எதுவும் வேண்டாம். நிரப்பி வாளியைத் தளும்ப நிரப்பி, உங்கள் ஆவியாதல் அளவால் வகுத்து எத்தனை நாள் வரும் என்று பாருங்கள். குறைந்தால் பெரிய வாளி வையுங்கள். மின்சாரம் போனால் தானே ஓடத் தொடங்கும் பேட்டரி காற்றுப் பம்ப் ஒன்று மாட்டுங்கள். ஸ்கிம்மர் கோப்பையைக் காலியாக்கி, நுரை வழியாதபடி ஸ்கிம்மருக்குள் நீர்மட்டத்தைச் சற்று இறக்கி வையுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் தீனி டப்பாவைக் கொடுக்காதீர்கள். தீனி போடும் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனிப் பொட்டலம் கட்டி, வழக்கத்தில் பாதி அளவு, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று எழுதி வையுங்கள். வெப்பமானியில் 24க்குக் கீழோ 28க்கு மேலோ தெரிந்தால் உங்களை அழைக்கச் சொல்லுங்கள், வேறு எதையும் தொட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.